ஆளுக்கு ஒரு டயர்

மழை வரும்போதெல்லாம் எனக்கு என் கூடப்பிறந்தவர்கள் மேல் கோபம் வருகிறது. ஈப்போவில் மழை வராத மத்தியானம் குறைவு, அதனால் எனக்குக் கோபம் வராத நாளும் குறைவு. போகப் போக ஆறிவிடும் என்கிறார்கள். ஆறவில்லை. அது ஆறுவதற்குள் எழுதி வைத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

காரை ஓட்டுவது நான். அதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எங்கள் குடும்பத்தில் எல்லோரும் கடைசியாக நினைத்துப் பார்ப்பது அதைத்தான். அப்பா வாங்கிய பழைய கார். அவர் போன பிறகு பெரியண்ணன் பேருக்கு மாறியது, சாவி மட்டும் என்னிடம் வந்தது. அம்மாவும் நானும் சுங்கை சிப்புட்டைத் தாண்டி ஒரு பழைய தோட்டத்தில் இருக்கிறோம். கித்தா என்கிற ரப்பர் மரங்கள் போய் எண்ணெய்ச் செம்பனை வந்து, அந்தச் செம்பனையையும் ஒருமுறை வெட்டி மறுபடி நட்டாகிவிட்டது. மிஞ்சியிருப்பது ஒரு மாரியம்மன் கோயிலும் அதைச் சுற்றிக் கொஞ்சம் வீடுகளும்தான். அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை. திங்கள், புதன், வெள்ளி ஈப்போவுக்குக் கூட்டிப்போய் இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். நான்கு மணி நேரம் அவள் உள்ளே படுத்திருப்பாள். நான் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ரவிக்கைகளுக்குக் கொக்கி வைத்துத் தைப்பேன். தையல்தான் என் தொழில், அதனால்தான் இந்த வேலைக்கு நான் வாய்த்தேன். மற்ற மூன்று பேருக்கும் 'வேலை' இருக்கிறது.

பெரியண்ணன் லூமுட் பக்கம் லாரி ஓட்டுகிறார். சின்னண்ணன் கமுந்திங்கில் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். தம்பி சித்தியவானில் கைத்தொலைபேசிக் கடை வைத்திருக்கிறான். மூவரும் கெட்டவர்கள் இல்லை. கெட்டவர்களாக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும்.

ஒரு புதன்கிழமை அம்மாவை உள்ளே விட்டுவிட்டுத் திரும்பினால் முன்சக்கரத்தில் காற்று இல்லை. பக்கத்திலேயே ஒரு டயர் கடை. கடை முதலாளி, ஒரு சீனத் தவுக்கே, சக்கரத்தைக் கழற்றித் தரையில் உருட்டிப் பார்த்தார். பிறகு மற்ற மூன்றையும் குனிந்து தடவினார். "போத்தாக்," என்றார். மொட்டை. நான்கும் மொட்டை. ஒன்றின் ஓரத்தில் உள்ளிருக்கும் கம்பி மினுங்கியது. "அக்கா, இதை ஒட்டி என்ன செய்யப் போறீங்க? மழையில அம்மாவை வச்சிக்கிட்டு இதுலயா போறீங்க?" மலாயில்தான் கேட்டார், ஆனால் அந்தக் கேள்வியை என் வீட்டிலிருந்து யாரும் எந்த மொழியிலும் கேட்டதில்லை.

நான்கும் ஒரே மாதிரி போடுங்கள் என்றார். முடியாவிட்டால் முன்னால் இரண்டு ஒரே ஜோடி, பின்னால் இரண்டு ஒரே ஜோடி. அதற்குக் கீழே போகாதீர்கள் என்று விரலை ஆட்டிச் சொன்னார். அதை அப்படியே குடும்ப வாட்சாப்பில் எழுதினேன். டயர் படத்தையும் போட்டேன். கம்பி தெரிகிற இடத்தைக் கிட்டத்தில் எடுத்துப் போட்டேன்.

அன்று சாயங்காலம் பெரியண்ணன் குரல்பதிவு அனுப்பினார். "கவலப்படாத தங்கச்சி. ஆளுக்கு ஒரு டயர் உபயம். முடிஞ்சிச்சு கதை."

உபயம் என்றால் எங்கள் தோட்டத்தில் என்ன என்று சொல்ல வேண்டும். கோயில் திருவிழாவுக்கு ஒவ்வொரு குடும்பமும் ஒன்றை ஏற்றுக்கொள்ளும். ஒரு வீடு பூ, ஒரு வீடு விளக்கு, ஒரு வீடு சாப்பாடு. யார் எதைச் செய்தார்கள் என்று ஒலிபெருக்கியில் பேர் வாசிப்பார்கள். கொடுத்ததை யாரும் குறை சொல்லக் கூடாது. பூ வாடியிருந்தாலும் அது அந்த வீட்டு உபயம், சாமிக்குப் போகும். இந்த வழக்கத்தை எங்கள் வீட்டு ஆண்கள் கோயிலோடு விடவில்லை. அப்பாவின் காரியத்துக்கு உபயம் பிரித்தார்கள். அம்மாவின் கட்டிலுக்கும் பிரித்தார்கள். ஒருவர் கட்டில், ஒருவர் மெத்தை. மெத்தை கட்டிலைவிட ஒரு முழம் நீளம். இன்றுவரை அது கால்மாட்டில் மடிந்துதான் கிடக்கிறது.

நான் திருப்பி எழுதினேன், நாலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், ஒரே கடையில் வாங்கலாம் என்று. சின்னண்ணன் ஒரு கட்டைவிரலைப் போட்டார். தம்பி ஒரு கும்பிடு போட்டான். அவ்வளவுதான் விவாதம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மூவரும் டயரோடு வந்து அந்தத் தவுக்கே கடையில் நின்றார்கள். பெரியண்ணன் கொண்டுவந்தது செலுப், அதாவது தேய்ந்த டயரின்மேல் புதுத் தோல் ஒட்டியது. "என் லாரி இதுலதான் லா ஓடுது. இருபது வருசமா ஓட்டுறேன், எனக்குத் தெரியாதா?" சின்னண்ணன் கொண்டுவந்தது ஒரு நண்பர் காரிலிருந்து கழற்றியது. எங்கள் அளவைவிட அகலம். "பார்க்க ஸ்போர்ட்டா இருக்கும்," என்றார். இரத்தம் சுத்தம் செய்ய அம்மாவை ஏற்றிப் போகிற கார், அதற்கு ஸ்போர்ட். தம்பியுடையது புத்தம் புதியது, கடையிலேயே விலை உயர்ந்தது. அதில் சந்தேகம் இல்லை, ஆனால் ஒன்றே ஒன்று. அதைக் கட்டிப்பிடித்துப் படமும் எடுத்துக்கொண்டான். நான்காவது என்னுடையது. தவுக்கே எனக்குக் காட்டிய நல்ல டயர், நடுவிலையில்.

தவுக்கே நான்கையும் வரிசையாகச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஒரு கார், நாலு பங்சா," என்றார். ஒரு காருக்குள் நாலு இனமாம். என் அண்ணன்மார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எதை எங்கே போடுவது என்று அவர் சொல்ல வாயெடுத்தார். பெரியண்ணன் முந்திக்கொண்டார். புதுசு முன்னால் இடது, ஏனென்றால் வீட்டு வாசலில் நிறுத்தினால் தெரியும் பக்கம் அதுதான் என்று தம்பி கேட்டுக்கொண்டான். அகல டயர் முன்னால் வலது. என்னுடையது பின்னால் வலது. செலுப் பின்னால் இடது. தவுக்கே கூடாது என்று இரண்டு முறை தலையை ஆட்டினார். பிறகு அவர் வாடிக்கையாளர் சொன்னதைச் செய்தார்.

அதோடு விட்டார்களா? தோட்டத்துக் கோயிலில் காருக்குப் பூசை. பூசாரி கற்பூரம் காட்டினார். நான்கு சக்கரத்துக்கு நான்கு எலுமிச்சை. ஆளுக்கு ஒரு பழம் எடுத்து அவரவர் டயருக்கு அடியில் அவரவர் வைத்தார்கள். அம்மா பின் இருக்கையில் இடது பக்கம் உட்கார்ந்திருந்தாள், கண்ணெல்லாம் நீர். அப்பா காரியத்துக்குப் பிறகு மூன்று மகன்களும் ஒன்றாக நின்றது அன்றுதான். "நான் இங்கயே உட்காந்துக்கிறேன் பாப்பா. பெரியவன் சக்கரத்து மேல," என்றாள். எனக்கு ஐம்பது நெருங்குகிறது, அவளுக்கு இன்னும் பாப்பா. அன்றிலிருந்து அவளுடைய இடம் அதுதான்.

முதல் நாளே கார் வலது பக்கம் இழுத்தது. நம் ஊரில் வலது பக்கம் என்றால் எதிரே வருகிற லாரி. ஸ்டியரிங்கை இடது பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டே ஈப்போ வரைக்கும் போக வேண்டும். பின்னாலிருந்து விடாமல் ஊ என்று ஒரு சத்தம். அம்மா அதைக் கேட்காதவள் மாதிரி வெளியே பார்த்துக்கொண்டு வருவாள். இரண்டு வாரத்தில் என் இடது மணிக்கட்டு வீங்கிவிட்டது. ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. ஒரு கல்யாணப் பெண்ணின் ரவிக்கையைத் தாமதமாகக் கொடுத்துத் திட்டு வாங்கினேன்.

பெரியண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அலைன்மெண்ட் பாரு," என்றார். பார்த்தாகிவிட்டது, கடைக்காரர் டயரைத்தான் குறை சொல்கிறார் என்றேன். "அந்த ஆளு வியாபாரம் பண்றான் லா. நீ பிடிச்சு ஓட்டிப் பழகு. உனக்கு இன்னும் கை நிதானம் வரல," என்றார். வாரத்துக்கு மூன்று நாள், மூன்று வருஷமாக ஓட்டுகிறேன். கை நிதானத்தில்தான் என் சோறு. ஒரு நூல் பிசகினால் ரவிக்கை தோளில் உட்காராது. அன்றைக்குத் தொலைபேசியை வைத்துவிட்டு அடுப்படியில் ஒரு சட்டியைப் போட்டு உடைத்தேன். தெரியாமல் விழுந்தது என்று அம்மாவிடம் சொன்னேன்.

சின்னண்ணனிடம் சொன்னதற்கு அவர், "அண்ணன்கிட்ட சொல்லிட்டியா?" என்றார். தம்பி, "என்னுது புதுசுக்கா, என்னுதுல பிரச்சினை இருக்காது," என்றான். ஒருவனுக்கும் கார் என்று ஒன்று இருப்பது தெரியவில்லை. ஆளுக்கு ஒரு சக்கரம் தெரிந்தது.

அது நடந்தது ஒரு வெள்ளிக்கிழமை. அம்மாவை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. சுத்திகரிப்பு முடிந்தால் அவளுக்கு உடம்பில் ஒன்றும் இருக்காது. பிளாஸ்திரி ஒட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு அரைக்கண் மூடிச் சாய்ந்திருப்பாள். அந்தக் கையில் அடிபடவே கூடாது. அதில்தான் ஊசி ஏறும் குழாயைத் தைத்து வைத்திருக்கிறார்கள், அதுதான் அவள் உயிர். தோட்டத்துக்குத் திரும்பும் சாலையில் வலது பக்கம் ஒரு வளைவு. செம்பனைக்குலை ஏற்றும் லாரிகள் அங்கேதான் செம்மண்ணோடு தார்ச்சாலையில் ஏறும். மெதுவாகத்தான் போனேன். சத்தியமாக மெதுவாகத்தான் போனேன். எதிரே ஒரு லாரி வந்தது, பிரேக்கைத் தொட்டேன். காரின் பின்பக்கம் என்னைக் கேட்காமலே இடது பக்கம் கிளம்பியது.

சுற்றி நின்றபோது நாங்கள் வந்த திசையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பின்சக்கரம் வடிகாலின் விளிம்பில் நின்றது. லாரிக்காரன் ஹாரனை நீளமாக அழுத்திவிட்டு நிற்காமல் போய்விட்டான். திரும்பிப் பார்த்தேன். அம்மா பிளாஸ்திரிக் கையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. துடைப்பான் ஓடிக்கொண்டிருந்தது.

"யாரு டயரு வழுக்குச்சு?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறந்தேன்.

"வேணாம். சொல்லாத," என்றாள்.

மழையில் இறங்கிப் போய்ப் பார்த்தேன். அவளுக்கு அடியிலிருந்த டயரில் ஒட்டிய தோல் ஒரு சாண் நீளத்துக்கு உரிந்து தொங்கியது. கையில் பிடித்து இழுத்தேன், வந்தது. அந்த இடத்தில் நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத மாட்டேன், அவையெல்லாம் தோட்டத்தில் கற்ற வார்த்தைகள். அம்மாவுக்குக் கண்ணாடி வழியாகக் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் கத்தினேன்.

அந்தக் கோபத்தில் ஒரு பங்கு எனக்கும் சேர வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கே நான் முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஓட்டுகிறவள் நான், சாவி என் கையில். ஆனால் அவர்கள் எலுமிச்சை எடுத்தபோது நானும் கையை நீட்டினேன். மகன்களின் வரிசையில் என் பழமும் ஒன்று இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். அம்மா அதைப் பார்க்கட்டும் என்று ஆசைப்பட்டேன். அந்த ஆசைக்காக அவளைச் செலுப் டயரின்மேல் உட்கார வைத்து ஓட்டிக்கொண்டு போனவள் நான். இதை நினைத்தால் அண்ணன்மார் மேல் இருக்கும் கோபம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை, கூடியது.

அன்று நூல் பிடித்த மாதிரி ஊர்ந்து வீட்டுக்குப் போனோம். மறுநாள் அதைவிட மெதுவாக, அம்மா இல்லாமல், தவுக்கே கடைக்குப் போனேன். உரிந்த தோலை அவர் மேசைமேல் போட்டேன். என் டயரை மட்டும் விட்டுவிட்டு மற்ற மூன்றையும் கழற்றச் சொன்னேன். அதே டயர், அதே அளவு, இன்னும் மூன்று வேண்டும். தீபாவளிக்குத் தைக்க ஒப்புக்கொண்ட ரவிக்கைகளின் முன்பணம் கைப்பையில் இருந்தது.

அவர் உள்ளே போய்த் தேடி ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு வந்தார். இந்த முறை நான் சும்மா நிற்கவில்லை. துணிக்கடையில் பட்டைத் தேய்த்துப் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு காடியிலும் விரலை விட்டு ஆழம் பார்த்தேன். ஓரத்தில் என்ன எழுதியிருக்கிறது, எப்போது செய்தது, மழையில் தண்ணீர் எந்த வழியாக வெளியேறும் என்று கேட்டேன். ஒன்று மற்றவற்றைவிட ஒரு வருஷம் பழையது. மாற்றச் சொன்னேன், மாற்றினார். கடையில் காத்திருந்த ஒருவர், நம்ம ஆள்தான், பெரிய மனுஷர் தோரணை, என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். "நம்ம அப்பா அம்மா வெட்டுன கித்தாப் பால் லா இது. அத நாமளே காசு குடுத்து வாங்குறோம், பாத்தீங்களா?" என்றார்.

"எங்கம்மா வெட்டுன பாலு எங்க போச்சுன்னு எனக்குத் தெரியாது அண்ணே," என்றேன். "எங்கம்மா வழுக்காம வீட்டுக்குப் போவணும். அது தெரியும்." அவர் அதற்குப் பிறகு நாளிதழைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், அவர்மேல் தப்பில்லை. அன்றைக்கு யார் வாயைத் திறந்தாலும் வாங்கியிருப்பார்கள்.

கழற்றிய மூன்றையும் காரில் ஏற்றிக்கொண்டேன். லூமுட், கமுந்திங், சித்தியவான் என்று ஒரு சுற்றுப் போய் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒன்றை உருட்டிவிட்டு வர வேண்டும் என்று திட்டம். எதைச் சொல்லிவிட்டு உருட்டுவது என்பதுகூட வழியிலேயே தயார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். சாய்ந்து உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்தாள்.

"பின்னாடி வச்சி கான்வாஸ் போட்டு மூடு. அவனுங்களுக்குத் தெரிய வேணாம்."

"ஏன்?"

"ஆசையா குடுத்தானுங்க பாப்பா. திருப்பிக் குடுத்தா அப்புறம் எவனும் வர மாட்டான்."

"இப்ப மட்டும் யாரு வாரா?" என்று கேட்டேன். அவள் மறுபடி சாய்ந்துகொண்டாள். கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன் என்று தெரிந்தது. மூன்று டயரையும் குளியலறைக்குப் பின்னால் அடுக்கி மூடினேன். மூடிவிட்டு அதன்மேல் ஓங்கி ஒரு உதை விட்டதில் கால்விரல் வீங்கியது.

தீபாவளி அந்த வருஷம் புதன்கிழமை வந்தது. இரத்தம் சுத்தம் செய்யும் இடத்துக்குத் தீபாவளி கிடையாது. முதல் நாளே மூவரும் குடும்பத்தோடு வந்துவிட்டார்கள். மூன்று பேரின் மனைவிமாருக்கும் ரவிக்கை நான் தைத்தது. காலையில் எண்ணெய் வைத்துக் குளித்து, பலகாரம் தின்று, பத்து மணிக்கு நான் அம்மாவைக் கைத்தாங்கலாகக் காருக்குக் கூட்டிவந்தபோது எல்லோரும் வழியனுப்ப வாசலுக்கு வந்தார்கள்.

தம்பி முன்சக்கரத்தின்மேல் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு அண்ணிமாரிடம் தன் டயரின் விலையைச் சொல்லிக்கொண்டிருந்தான். சின்னண்ணன் தன்னுடையதைக் குனிந்து பார்த்து, "இன்னும் எப்படி கிண்ணுனு இருக்கு பாரு," என்றார். பெரியண்ணன் பின்னால் போய், செருப்புக் காலால் இடது சக்கரத்தை இரண்டு தட்டுத் தட்டினார். "செலுப்னு இவ மூஞ்சத் தூக்குனா. இப்ப பாரு. அண்ணன் சொன்னா கேக்கணும் லா."

நான்கும் ஒரே டயர். ஒரே பேர், ஒரே கோடு, ஒரே அகலம். ஒருவனும் பார்க்கவில்லை. இருபது வருஷம் லாரி ஓட்டியவருக்குத் தன் டயர் தெரியவில்லை. கட்டிப்பிடித்துப் படம் எடுத்தவனுக்கும் தெரியவில்லை. வழுக்கியதுகூட எனக்கு அவ்வளவு எரியவில்லை, இது எரிந்தது. கான்வாஸை உருவிப் போட்டு மூன்றையும் இழுத்துவந்து நடுவாசலில் போடக் கை துடித்தது. "அண்ணே," என்று ஆரம்பித்தேன்.

"ஆமாய்யா," என்று கார் உள்ளேயிருந்து அம்மா குரல் வந்தது. தன்னுடைய இடத்தில், இடது பக்கம், புதுச்சேலையில் உட்கார்ந்திருந்தாள். பெரியண்ணனைத்தான் பார்த்தாள். "ஒன் டயரு மேலதான்யா உக்காந்து போறேன். நல்லா ஓடுது."

பெரியண்ணன் முகம் மலர்ந்துபோனது. நான் கதவை அறைந்து சாத்தினேன். வண்டியை எடுத்தேன். பின்கண்ணாடியில் மூவரும் ஒன்றாக நின்று கையசைத்தார்கள்.

செம்பனைக்கு நடுவே போனோம். அந்த வளைவு வந்தது. முதல் நாள் மழையில் சாலை முழுக்கச் செம்மண். எதிரே லாரி வந்தது, பிரேக்கைத் தொட்டேன், கார் நான் சொன்ன இடத்தில் நின்றது. லாரி போனதும் மறுபடி எடுத்தேன். பெரிய சாலை ஏறினோம்.

"பாப்பா," என்றாள் அம்மா.

நான் திரும்பவில்லை.

"ஒன் டயருல சத்தமே இல்ல."

"அத அங்க சொல்லியிருக்கலாம்ல," என்றேன்.